கடை மூடிய பின் எஞ்சும் பதிப்பு எது? 3டிஎஸ், வீ யூ விற்பனை நிறுத்தம் குறித்த நிகழ்வு ஆய்வு

2023 மார்ச் 27 அன்று நிண்டெண்டோ நிறுவனம் தன் 3டிஎஸ், வீ யூ ஆகிய இரு கன்சோல்களுக்கான (வீடியோ கேம் ஆடும் கருவிகளுக்கான) ஈஷாப் இணையக் கடையில் விற்பனையை நிறுத்தியது. ஓராண்டுக்குப் பின், 2024 ஏப்ரல் 8 அன்று, அவற்றில் இணையவழியாகச் சேர்ந்து விளையாடும் வசதியும் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. ஏற்கெனவே வாங்கிய விளையாட்டுகளை மறுபடியும் டவுன்லோடு செய்வதும், விளையாட்டுகளுக்கான அப்டேட்களைப் பெறுவதும் இப்போதைக்குத் தொடரும் என்று நிறுவனம் அறிவித்தது. எந்த ஆண்டு வரை என்று சொல்லவில்லை.

இந்த மூடலைப் பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர், ஈஷாப்பில் மட்டுமே கிடைத்த விளையாட்டுகள் இனி யாருக்கும் விலைக்குக் கிடைக்கா என்பதைப் பற்றியே பேசினார்கள். இரு கன்சோல்களையும் சேர்த்து அப்படிப்பட்டவை ஏறத்தாழ ஆயிரம் என்று அப்போது கணக்கிடப்பட்டது. எனவே அந்தக் கவலையில் பிழை இல்லை. ஆனால் கார்ட்ரிட்ஜாகவோ (கன்சோலில் செருகும் விளையாட்டு அட்டை) டிஸ்க்காகவோ வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இந்த இழப்பு தங்களைத் தொடாது என்று நம்பியதுதான் ஆராயப்பட வேண்டியது. அவர்கள் கையில் இருப்பது விளையாட்டின் முதல் பதிப்பு மட்டுமே. அதை முழுமையாக்கிய திருத்தங்கள் வேறொருவரின் சர்வரில் இருக்கின்றன. அந்தத் திருத்தங்களையும், அவற்றைச் சுற்றிப் போடப்பட்ட திருட்டுத் தடுப்புப் பூட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் இந்த நிகழ்வு புரியும்.

பின்புலம்

3டிஎஸ் 2011 பிப்ரவரி 26 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஈஷாப் அப்போது இல்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சிஸ்டம் அப்டேட் வழியாகத்தான் அது வந்து சேர்ந்தது. வீ யூ 2012 நவம்பரில் வந்தது. முன்னது 7.5 கோடிக்கும் அதிகமாக விற்றது, பின்னது 1.36 கோடியைத் தொடவில்லை. 3டிஎஸ் உற்பத்தி 2020 செப்டம்பரில் நின்றது. கடை மூடப்படும் என்ற அறிவிப்பு 2022 பிப்ரவரியில் வெளியானது. அந்த ஆண்டு மே மாதம் கிரெடிட் கார்டு வழியும், ஆகஸ்டில் முன்பண அட்டை வழியும் அடைக்கப்பட்டு, அடுத்த மார்ச்சில் விற்பனை முற்றாக நின்றது. ஓராண்டுக்கும் மேலான முன்னறிவிப்பு என்பது இந்தத் துறையில் தாராளமானதுதான். சோனி நிறுவனம் 2021 மார்ச்சில் தன் பிஎஸ்3, பிஎஸ்பி, வீட்டா கன்சோல்களுக்கான இணையக் கடைகளை மூடுவதாக அறிவித்தபோது கொடுத்த அவகாசம் சில மாதங்களே. எதிர்ப்பு கிளம்பியதும் பிஎஸ்3, வீட்டா கடைகளை மட்டும் விட்டுவைத்தது.

முதல் அறிவிப்போடு நிண்டெண்டோ வெளியிட்ட கேள்வி பதில் பகுதியில், பழைய விளையாட்டுகளைக் கிடைக்கச் செய்யும் கடமை நிறுவனத்துக்கு இல்லையா என்ற கேள்வியும் இருந்தது. வேறு வழியில் அவற்றை வழங்கும் திட்டம் தற்போது இல்லை என்பது பதில். அந்தக் கேள்வியும் பதிலும் சில மணி நேரத்துக்குள் பக்கத்திலிருந்து நீக்கப்பட்டன.

கார்ட்ரிட்ஜில் உள்ளதும் இல்லாததும்

2013 அக்டோபர் 12 அன்று போக்கிமான் எக்ஸ், ஒய் விளையாட்டுகள் உலகமெங்கும் ஒரே நாளில் வெளியாயின. வந்த சில நாட்களிலேயே ஒரு பிழை தெரியவந்தது. கதையின் மையமான லுமியோஸ் நகரத்தின் சில பகுதிகளில் நின்றுகொண்டு விளையாட்டைச் சேமித்து அணைத்தால், மறுபடியும் திறக்கும்போது அது உறைந்துவிடும். இந்த விளையாட்டுகளில் சேமிக்க ஓரிடம் மட்டுமே உண்டு என்பதால், அந்தத் தெருவில் சேமித்தவர் பின்னோக்கிப் போய் வேறொரு கட்டத்திலிருந்து தொடங்கவும் முடியாது. அதுவரை ஆடிய அத்தனை மணி நேரமும் அந்த ஒரு கோப்புக்குள் சிக்கிக்கொள்ளும். அக்டோபர் முடிவதற்குள் 1.1 என்ற திருத்தம் ஈஷாப் வழியாக வந்தது, பிரச்சினையும் தீர்ந்தது.

தீர்ந்தது எங்கே என்பதுதான் நம் கேள்வி. 3டிஎஸ் கார்ட்ரிட்ஜில் உள்ள நிரலை யாராலும் மாற்றி எழுத முடியாது. திருத்தம் கன்சோலில் செருகியிருக்கும் எஸ்டி கார்டில் போய் உட்காரும். கார்ட்ரிட்ஜைத் திறக்கும்போது கன்சோல் மூல நிரலின் மேல் அந்தத் திருத்தத்தைப் போர்த்தி இயக்கும். எஸ்டி கார்டில் இருப்பதோ ஒவ்வொரு கன்சோலுக்கும் தனித்தனியான சாவியால் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். ஆகவே ஒரு 3டிஎஸ்ஸின் கார்டை எடுத்து இன்னொன்றில் செருகினால் திருத்தம் வேலை செய்யாது. கன்சோலிலிருந்து கன்சோலுக்கு முறைப்படி மாற்றிக்கொள்ள வசதி உண்டு; அதற்கும் நிண்டெண்டோ சர்வருடன் இணைப்பு வேண்டும், இரு கன்சோல்களும் உயிரோடு இருக்கவும் வேண்டும். சுருங்கச் சொன்னால், 2013இல் கடையில் வாங்கிய கார்ட்ரிட்ஜைப் பழைய பொருளாக இன்று வாங்கும் ஒருவர் அதை அப்டேட் இல்லாத கன்சோலில் செருகினால், லுமியோஸ் பிழை அப்படியே இருக்கும். அப்டேட் சர்வர் இயங்கும்வரை அது சில நிமிட வேலை. அதற்குப் பிறகு, அந்தக் கார்ட்ரிட்ஜை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் எந்தத் தெருவில் சேமிக்கக் கூடாது என்பதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

இணையம் வருவதற்கு முன்பும் திருத்தங்கள் இருந்தன. 1998இல் நிண்டெண்டோ 64க்கு வந்த தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா: ஒக்கரீனா ஆஃப் டைம் விளையாட்டுக்கு 1.0, 1.1, 1.2 என மூன்று கார்ட்ரிட்ஜ் பதிப்புகள் உண்டு; கடைசிப் பதிப்பில் இரத்தத்தின் நிறம் சிவப்பிலிருந்து பச்சையானது, நெருப்புக் கோயிலின் பின்னணியில் ஒலித்த பாடல் ஓசையும் மாறியது. ஆனால் அங்கே ஒவ்வொரு பதிப்பும் தனித்தனிப் பொருள். ஆய்வாளர் மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். ஈஷாப் முறையில் பதிப்பு என்பது பொருளாக இல்லை. சர்வர் இன்று எதைத் தருகிறதோ அதுவே பதிப்பு. புதியது வந்தால் பழையது போய்விடும், சர்வர் நின்றால் புதியதும் போய்விடும். விளையாட்டின் வரலாற்றை எழுத இரண்டும் வேண்டும் என்பதை இத்துறையில் பலர் மறந்துவிடுகிறார்கள்: வெளியான நாளில் மக்கள் என்ன ஆடினார்கள் என்பதற்கு முதல் பதிப்பும், ஆக்கியவர்கள் இறுதியில் எதைத் தங்கள் படைப்பாக ஏற்றார்கள் என்பதற்குக் கடைசிப் பதிப்பும்.

இதைவிடக் கடுமையானது கூடுதல் உள்ளடக்கத்தின் நிலை. 2016இல் வட அமெரிக்காவில் வெளியான ஃபயர் எம்பிளம் ஃபேட்ஸ் மூன்று கதைப் பாதைகள் கொண்டது. பர்த்ரைட், கான்குவெஸ்ட் ஆகிய இரண்டும் தனித்தனிக் கார்ட்ரிட்ஜ்களாக வந்தன. மற்ற இரண்டின் முடிச்சுகளை அவிழ்க்கும் மூன்றாம் பாதையான ரெவலேஷன், குறைந்த எண்ணிக்கையில் வந்த சிறப்புப் பதிப்பைத் தவிர, டவுன்லோடாக மட்டுமே விற்கப்பட்டது. இன்று ஒரு பர்த்ரைட் கார்ட்ரிட்ஜை வாங்குபவர் கதையின் மூன்றில் ஒரு பங்கையே வாங்குகிறார். மீதியைப் பணம் கொடுத்து வாங்க நேர்வழி எதுவும் இல்லை. 2011இல் விலைக் குறைப்புக்கு முன்பே 3டிஎஸ் வாங்கியவர்களுக்கு ஈடாக வழங்கப்பட்ட 10 கேம் பாய் அட்வான்ஸ் விளையாட்டுகளும் அப்படியே. 3டிஎஸ்ஸில் அவை வேறு எவருக்கும் விற்கப்படவே இல்லை, அந்தத் தொடக்ககால வாடிக்கையாளர்களின் கணக்குகளில் மட்டும் இருக்கின்றன.

பூட்டும் திருடனும்

திருட்டுப் பதிப்பு அபாயம் நிறுவனத்தின் கற்பனை அன்று. 2014 நவம்பரில், க்யூபிக் நிஞ்ஜா என்ற சாதாரண விளையாட்டில் நண்பர்கள் உருவாக்கிய ஆட்ட நிலைகளைக் கியூஆர் குறியீடாகப் படிக்கும் வசதியில் இருந்த ஓட்டை வழியாக, அனுமதியற்ற நிரல்களை 3டிஎஸ்ஸில் இயக்கும் வழி வெளியானது. ஜப்பானிய ஈஷாப்பிலிருந்து அந்த விளையாட்டு அகற்றப்பட்டது. யாரும் சீண்டாமல் கிடந்த அதன் பழைய கார்ட்ரிட்ஜ்களின் விலை ஓரிரு நாட்களில் பல மடங்கு ஏறியது. அடுத்த ஆண்டு அயர்ன்ஃபால்: இன்வேஷன் என்ற விளையாட்டிலும் இதேபோல் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அது சில வாரங்கள் கடையிலிருந்து விலக்கப்பட்டு, ஓட்டை அடைத்த பதிப்பாகத் திரும்பியது. இங்கேதான் காப்பகத்தாரின் விருப்பமும் பாதுகாப்புப் பொறியாளரின் விருப்பமும் நேருக்கு நேர் மோதுகின்றன. முதலாமவர் பழைய பதிப்பையும் கிடைக்கச் செய் என்கிறார்; இரண்டாமவருக்கோ பழைய பதிப்புதான் திறந்த கதவு. விற்பனை நடந்துகொண்டிருந்த காலத்தில் இரண்டாமவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து.

2016இல் வந்த ஃப்ரீஷாப் என்ற நிரல் இன்னும் பெரிய அடி. ஈஷாப் விளையாட்டுகள் குறியாக்கம் செய்யப்பட்ட நிலையில் நிண்டெண்டோவின் வினியோகச் சர்வர்களில் இருந்தன. கோப்பைக் கேட்பவர் அதை வாங்கியவர்தானா என்பதை அந்தச் சர்வர்கள் அப்போது சரிபார்க்கவில்லை. விளையாட்டுக்கான சாவி கையில் இருந்தால் போதும், நிறுவனத்தின் செலவிலேயே நிறுவனத்தின் சரக்கை இறக்கிக்கொள்ளலாம். 2018இல் சர்வர்கள் வாங்கியதற்கான சான்றைக் கேட்கத் தொடங்கிய பிறகே அந்த வழி அடைபட்டது. இப்படிப்பட்ட அனுபவத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் தன் சர்வரைத் திறந்துவைக்கத் தயங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இதற்கிடையில் இன்னொன்று நடந்துவிட்டது. 3டிஎஸ் விழித்தெழும்போது முதலில் இயங்கும் பூட் ரோம் என்ற நிரல், தான் ஏற்றப்போகும் மென்பொருளின் கையொப்பம் உண்மையானதா என்று சரிபார்க்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பிலேயே தவறு இருப்பது 2016 டிசம்பரில் வெளிப்படுத்தப்பட்டது, 2017 மே மாதத்தில் அதைப் பயன்படுத்தும் கருவியும் வந்தது. பூட் ரோம் சிப்புக்குள்ளேயே பொறிக்கப்பட்டது. எந்த அப்டேட்டும் அதைத் தொட முடியாது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த இன்னொரு வழி, கன்சோலின் மூடி சாத்தியிருக்கிறது என்று அதை நம்பவைக்க ஒரு காந்தத் துண்டைப் பயன்படுத்தியது. அடித்தளமே உடைந்தபின், பழைய பதிப்புகளை மறைத்து வைப்பதால் தடுக்கப்படும் திருட்டு என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. இருந்தும், விற்பனை நின்று இரண்டு மாதம் ஆவதற்குள், 2023 மே மாதத்தில், நிண்டெண்டோ 11.17 என்ற சிஸ்டம் அப்டேட்டை வெளியிட்டு, பிரவுசர் வழியாகத் திறக்கும் எளிய முறையை அடைத்தது. விற்பதற்கு எதுவும் இல்லாத கடைக்குப் புதுப் பூட்டு எதற்கு? ஏற்கெனவே திறந்துகொண்டவர்களை அது பெரிதாகப் பாதிக்கவில்லை. தன் கார்ட்ரிட்ஜையும் அதன் திருத்தத்தையும் பத்திரப்படுத்த அப்போதுதான் எண்ணத் தொடங்கிய நேர்மையான வாடிக்கையாளருக்குத்தான் அது இன்னொரு தடை.

2024 பிப்ரவரி 26 அன்று, தன் ஸ்விட்ச் கன்சோலின் விளையாட்டுகளைக் கணினியில் இயக்கும் யூஸு என்ற எமுலேட்டரை உருவாக்கியவர்கள்மீது நிண்டெண்டோ வழக்குத் தொடர்ந்தது. தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா: டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் விளையாட்டு 2023 மே 12 அன்று வெளியாகும் முன்பே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை திருட்டுத்தனமாக டவுன்லோடு ஆனது என்பது அதில் முக்கியக் குற்றச்சாட்டு. தீர்ப்பு எதுவும் வரவில்லை. மார்ச் 4 அன்றே 24 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அதே குழுவினரின் சிட்ரா என்ற 3டிஎஸ் எமுலேட்டரும் அன்றே நிறுத்தப்பட்டது. வெளியாகாத புது விளையாட்டு கசிந்தது தொடர்பான வழக்கின் பக்கவிளைவாக, விற்பனையே இல்லாத பழைய கன்சோலின் விளையாட்டுகளைக் கணினியில் இயக்கிய மிக முக்கியமான கருவி, அந்தக் கன்சோலின் இணைய ஆட்டம் நிற்பதற்கு ஒரு மாதம் முன்பு போனது. அதன் மூல நிரல் வெளிப்படையாக இருந்ததால் வேறு பெயர்களில் அது தொடர்கிறது என்பது வேறு விஷயம்.

காப்பகங்களின் கை

அமெரிக்காவின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏவின் 1201ஆம் பிரிவு டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பதைத் தடுக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விதிவிலக்குகள் பரிசீலிக்கப்படுகின்றன. சரிபார்ப்புச் சர்வர் நிறுத்தப்பட்ட விளையாட்டுகளுக்கு 2015இல் விலக்கு கிடைத்தது; ஆனால் அதற்காகக் கன்சோலின் பூட்டை உடைக்கும் அனுமதி நூலகம், அருங்காட்சியகம் போன்றவற்றுக்கு மட்டுமே. பாதுகாத்த விளையாட்டுகளை ஆய்வாளர்கள் நூலகத்துக்கு வெளியிலிருந்தும் பார்க்க அனுமதி கேட்ட கோரிக்கை 2024 அக்டோபரில் நிராகரிக்கப்பட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் தன் ஆய்வில் காட்டிய பின்னும் இதே நிலை. ஈஷாப் மூடல் அறிவிக்கப்பட்டபோதும் அந்த அமைப்பு வெளிப்படையாகவே சொன்னது: வணிகக் காரணத்துக்காகக் கடையை மூடுவது புரிகிறது, ஆனால் நூலகங்கள்கூட அவற்றைச் சட்டப்படி வழங்குவதைத் தடுக்கும் விளையாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்புக்கு ஆதரவு தருவது விளையாட்டு வரலாற்றையே அழிக்கும் செயல்.

இந்த இடைவெளியில் தனிமனிதர்கள் விசித்திரமான வேலைகளைச் செய்தார்கள். ஒரு யூடியூபர் மூடலுக்கு முன் வீ யூ விளையாட்டுகள் 866ஐயும் 3டிஎஸ் விளையாட்டுகள் 1,547ஐயும் 22,791 டாலர் செலவில் வாங்கி முடித்ததாகவும், அவற்றை அந்த ஃபவுண்டேஷனுக்கு வழங்கப்போவதாகவும் அறிவித்தார். அத்தனையும் சில கன்சோல்களோடு கட்டுண்ட உரிமங்கள். போற்றத்தக்க பிடிவாதம்; என்றாலும், ஒரு கலைவடிவத்தின் பத்தாண்டுச் சேமிப்பு ஒருவரின் பொறுமையை நம்பி நிற்பது ஏற்பாடு ஆகாது.

ஆக்கியவர்களிடமே எல்லாம் இருக்கும் என்று நம்பவும் இடமில்லை. டெஸ்டினி 2 விளையாட்டில் 2020இல் நீக்கப்பட்ட ரெட் வார் கதைப்பகுதி தொடர்பான ஒரு வழக்கில், பழைய பதிப்பு இன்றைய தொழில்நுட்ப அமைப்பில் இயங்காது என்று கூறி, பங்கி நிறுவனம் யூடியூப் காணொளிகளையும் ரசிகர்கள் எழுதிய விக்கிப் பக்கங்களையும் ஆதாரமாகக் கொடுத்தது. 2025இல் நீதிமன்றம் அவற்றைக் கணக்கில் கொள்ள மறுத்து, வழக்கைத் தள்ளுபடி செய்யவும் மறுத்தது.

ஆய்வின் முடிவு

இந்த நிகழ்வில் எல்லாத் தரப்பும் விளையாட்டையும் அதன் அப்டேட்டையும் ஒரே பொருளாக நடத்தியதுதான் அடிப்படைத் தவறு. திருட்டு அபாயம் விளையாட்டின் முழுக் கோப்பில் இருக்கிறது. அதை விலை கொடுத்து வாங்க வேண்டும். அப்டேட் அப்படியன்று. அது தொடக்கத்திலிருந்தே எல்லாருக்கும் இலவசம், மூல விளையாட்டு இல்லாதவருக்குப் பயன்படாது. போக்கிமான் எக்ஸின் 1.1 திருத்தத்தைக் கன்சோல் சாவியால் கட்டாமல் ஒரு காப்பகத்திடம் ஒப்படைத்தால் நிறுவனத்துக்கு ஏற்படும் விற்பனை இழப்பு என்று எதையும் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. எனவே கடை மூடும் நிறுவனம் முதலில் செய்யக்கூடியது, கடைசி அப்டேட்களையும், பாதுகாப்புக் காரணம் செத்துப்போன பழைய பதிப்புகளையும் பிரித்தெடுத்துக் காப்பகங்களுக்குத் தருவது. கூடுதல் கதைப்பகுதிகள் இதில் வராது. அவை விலைபொருள், அவற்றுக்கு மறுவெளியீடோ நூலக உரிமமோதான் வழி. அது கடினமான பேச்சு, ஆண்டுகள் ஆகலாம். அப்டேட் விஷயத்துக்கு அந்தத் தாமதம் தேவையில்லை. 3டிஎஸ் சர்வர்கள் இன்னும் இயங்கிக்கொண்டிருப்பதால் அதற்குக் காலமும் இருக்கிறது.

தனிப்பட்ட உரிமையாளர் செய்யக்கூடியது குறைவு. தன்னிடம் உள்ள ஒவ்வொரு கார்ட்ரிட்ஜையும் ஒருமுறை செருகி அப்டேட்டை இறக்கிக்கொள்ளலாம். வாங்கியவற்றை மறு டவுன்லோடு செய்து எஸ்டி கார்டில் வைத்துக்கொண்டு, அந்தக் கார்டின் நகலை வேறிடத்தில் பத்திரப்படுத்தலாம். அந்த நகல் அதே கன்சோலில் மட்டுமே உயிர்பெறும்.

2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2க்கு, கேம்-கீ கார்டு என்ற பெயரில் விற்கப்படும் அட்டைகளில் விளையாட்டே இல்லை; அது டவுன்லோடுக்கான சாவி மட்டும், முதல்முறை இயக்க இணையம் கட்டாயம். லுமியோஸ் பிழையோடு வந்த கார்ட்ரிட்ஜிலாவது 1.0 பதிப்பு முழுமையாக இருந்தது. இந்த அட்டைகளைப் பொறுத்தவரை முதல் பதிப்பும் கடைசிப் பதிப்பும் ஒருசேர சர்வரிடம் இருக்கின்றன. ஆகவே அப்டேட்டையும் விளையாட்டையும் பிரித்துப் பேசும் மேற்சொன்ன தீர்வு இவற்றுக்குப் பொருந்தாது. மூடல் நாளுக்கான ஏற்பாட்டை விற்பனை தொடங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவைக்க வேண்டியிருக்கும்.